லாயத்துப் பக்கம்: டிரம்மைச் சுற்றும் அரேபியன்

போன இதழில் பேரல் ரேஸ் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. லாடம், சொறி, குட்டி ஈனுவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்: மைதானத்தில் மூன்று டிரம்களை முக்கோணமாக வைத்து, குதிரை மேல் ஏறி ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, புறப்பட்ட கோட்டுக்கே பாய்ந்து வருவதுதான் பேரல் ரேஸ். யாருக்கு நேரம் குறைவோ அவர் வென்றார். அமெரிக்காவில் பெண்கள் கொடிகட்டிப் பறக்கும் விளையாட்டு இது.

மாஸ்டருக்கு வணக்கம். எங்களிடம் ஏழு வயது அரேபியன் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. என் மகள் கல்லூரி விடுமுறையில் வீடியோ பார்த்து, மூன்று டிரம் வைத்து ஓட்டினாள். முதல் வாரம் அழகாகச் சுற்றியது. இப்போது டிரம் கண்ணில் பட்டாலே துள்ளுகிறது. முதல் டிரம்மைத் தாண்டி வேலி வரைக்கும் போய்த்தான் திரும்புகிறது. தலையை வானத்துக்குத் தூக்கிக்கொள்கிறது. கடிவாளத்தை மாற்றிப் பார்க்கலாமா?
*வாசகி, கோத்தகிரி*

கடிவாளத்தில் கை வைக்காதீர்கள் அம்மா. கடுமையானதைப் போட்டால் இப்போது தூக்குகிற தலையை இன்னும் தூக்கும், முதுகைக் குழிக்கும், அப்புறம் திரும்பவே திரும்பாது. ஸ்னாஃபிள் என்கிற மென்மையான சாதாரணக் கடிவாளம் போதும்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டி முடித்துச் சேணத்தைக் கழற்றியதும் முதுகில் வியர்வை எப்படிப் படிந்திருக்கிறது என்று கவனியுங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் மட்டும் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அரேபியனுக்கு முதுகு குட்டை, அகலம் அதிகம். நீங்கள் வெளிநாட்டு வெஸ்டர்ன் (கௌபாய்) சேணம் வாங்கியிருந்தால் அது பெரும்பாலும் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனத்தின் முதுகுக்குச் செய்ததாக இருக்கும். அதன் பின் ஓரம் இடுப்பில் போய் இடிக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் குதிரை குத்து வாங்க வேண்டியதுதான். பல்லையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வெளி விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிப்பது குதிரைகளுக்குச் சாதாரணமாக வருவது. வாய்க்குள் புண்ணோடு இருக்கிற குதிரை தலையைத் தூக்காமல் என்ன செய்யும்?

வலி எதுவும் இல்லை என்றால் கோளாறு பாடத்தில் இருக்கிறது. முதல் வாரம் அழகாகச் சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்களே, வினையே அங்கேதான். அரேபியன் சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், சொல்லாததை அதைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். உங்கள் மகள் சொல்லிக்கொடுத்தது டிரம்மைச் சுற்று என்று. அது கற்றுக்கொண்டதோ, டிரம் வந்தால் பற என்று. மணி அடிக்கும் முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிற பள்ளிக்கூடப் பையனைப் போல, மகள் கேட்பதற்கு முன்னாலேயே அது கிளம்பிவிடுகிறது. மட்டக் குதிரைக்கு இந்தப் பழக்கம் படிய ரொம்ப நாள் ஆகும். அரேபியனுக்கு ஒரு வாரம் தாராளம்.

இதை அழிக்க வேண்டுமானால் டிரம்மைச் சலித்துப்போன பொருளாக ஆக்க வேண்டும். மேய்கிற இடத்தில் ஒரு டிரம்மை நிறுத்துங்கள். அதன் மேல் புல்லை வையுங்கள். சேணம் போட்டதும் டிரம்முக்குப் பக்கத்தில் போய், சும்மா நில்லுங்கள். மகள் அங்கேயே யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கட்டும். குதிரை தலையை இறக்கி, வாயை மென்று, பெருமூச்சு விட்டால் அன்றைக்கு அதுதான் பாடம். இறங்கி வீட்டுக்குப் போகலாம். இறங்குவதையும் வாசலில் செய்யாதீர்கள், மைதானத்தின் நடுவில் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாசல்தான் சொர்க்கம் என்று அதற்கும் ஒரு வெறி பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் நடையில் தொடங்குங்கள். டிரம்மை உரசிக்கொண்டு போகக்கூடாது. பக்கவாட்டில் ஐந்தாறு அடி இடம் விட்டு அணுக வேண்டும். குதிரை பின்னங்காலை உள்ளே கொண்டுவந்து உடம்பை வளைக்க அந்த இடம் தேவை. குதிரையின் மூக்கு டிரம்முக்கு நேராக வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மகள் சேணத்தில் ஆழமாக உட்கார்ந்து, மூச்சை விட்டு, ‘ஹோ’ என்று சொல்லி நிறுத்தட்டும். இரண்டு எட்டு பின்னால் எடுக்கட்டும். அதற்குப் பிறகே சுற்ற வேண்டும். ஓடிவரும் வேகத்தைத் திருப்பத்துக்கு முன்னால் தானாகவே குறைத்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் குதிரைக்குத் தெரிய வேண்டிய பெரிய வித்தை. கடிவாள வாரை இழுத்துக் குறைப்பது கணக்கில் வராது. ஆள் உட்காருவதைக் கேட்டுக் குறைக்க வேண்டும். நடையில் வந்தால் டிராட் (துள்ளோட்டம்), டிராட்டில் வந்தால் மெதுவான கேண்டர் (இலகுவான பாய்ச்சல்). நடுவில் ஒரு நாள் கெட்டுப்போனால் முந்தின படிக்கு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சுற்றும்போது உள்பக்கக் கால் கிர்த்துக்கு (சேணத்தின் வயிற்றுப் பட்டை) பக்கத்தில் விலாவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உள்பக்க வாரை மட்டும் இழுத்தால் கழுத்துதான் திரும்பும், தோள் வெளியே வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். உங்கள் பெட்டை வேலி வரைக்கும் போவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். வெளிப்பக்க வார் அந்தத் தோளுக்கு ஒரு சுவர். இதை டிரம் இல்லாமல் வெறும் வட்டத்திலும் எட்டு வடிவத்திலும் பழகட்டும்.

முக்கியமான இன்னொன்று. வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் மூன்று டிரம்மையும் வரிசையாகச் சுற்ற வேண்டாம். முழு வேகத்தில் சுற்றுவது மாதத்துக்கு ஓரிரு தடவை போதும். மற்ற நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஏற்றம் ஏறி நடக்கட்டும். பின்னங்கால் தசை உரம் ஏறுவதற்கு நம் மலை ஏற்றத்தை விட நல்ல பயிற்சி கிடையாது, காசும் கிடையாது. இறக்கத்தில் மட்டும் ஓட்டாதீர்கள்.

பேரல் ரேஸுக்கு ஒரிஜினல் அளவு என்ன? எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம் சிறியது, ஒரு பக்கம் சரிவு. டிரம் எங்கே வாங்குவது?
*வாசகர், குன்னூர்*

அமெரிக்கப் பெண்கள் ரோடியோ (குதிரை வித்தைப் போட்டி) சங்கத்தின் முழு அளவில், முதல் டிரம்முக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி. புறப்படும் கோட்டிலிருந்து முதல் இரண்டு டிரம்களுக்கு 60 அடி. மைதானம் சின்னதாக இருந்தால் எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிரம்முக்கும் வேலிக்கும் நடுவே பதினைந்து இருபது அடி கண்டிப்பாக வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது.

வலது டிரம்மிலிருந்து தொடங்கினால் ஒரு வலது திருப்பம், இரண்டு இடது திருப்பம். இடதிலிருந்து தொடங்கினால் அப்படியே மாறும். உங்கள் குதிரை எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்தப் பக்கத்துக்கு இரண்டு திருப்பம் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். டிரம் விழுந்தால் 5 விநாடி கூடும். மைதானத்தைப் பொறுத்துப் பதினாலிலிருந்து பதினேழு விநாடிக்குள் முடிகிற ஆட்டத்தில் 5 விநாடி என்றால் வீட்டுக்குப் போகலாம். சுற்றும் வரிசையைத் தப்பவிட்டால் நேரமே கிடையாது.

சரிவு என்று எழுதியிருக்கிறீர்கள். நடை, டிராட் வரைக்கும் சரி. கேண்டரில் சரிவுப் பக்கம் திரும்புகிற குதிரை வழுக்கினால் அதன் காலும் போகும், உங்கள் காலும் போகும். சமதளம் கிடைக்கிற வரைக்கும் வேகம் வேண்டாம்.

போட்டிக்கு வைப்பது சுமார் 200 லிட்டர் இரும்பு டிரம். பழகுவதற்கு வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல பிளாஸ்டிக் டிரம் போதும். ஊட்டிக் காற்றுக்கு அது உருண்டு ஓடும், அடியில் கொஞ்சம் மணல் போடுங்கள். இரும்புதான் கிடைத்தது என்றால் மேல் விளிம்பைப் பழைய சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே அந்த விளிம்பு பட்டால் தெரியும்.

அரேபியன் குதிரை குவார்ட்டர் ஹார்ஸை ஜெயிக்குமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

பெரிய போட்டியில் கஷ்டம். குவார்ட்டர் ஹார்ஸ் கால் மைல் ஓட்டத்துக்கென்றே வளர்த்தெடுத்த இனம். நின்ற இடத்திலிருந்து பாய்வதும், பின்பக்கத்தைத் தரையில் பதித்துத் திரும்புவதும் அதற்குப் பிறவிக் குணம். அரேபியனின் பலம் தூரம். கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கிற 100 மைல் டெவிஸ் கப் ஓட்டத்தில் அரேபியன்களும் அவற்றின் கலப்புகளும்தான் பெரும்பாலும் ஜெயித்து வருகின்றன. பதினாலு பதினேழு விநாடியில் அந்தப் பலத்தைக் காட்ட இடம் எங்கே?

ஆனால் குவார்ட்டர் ஹார்ஸ்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒரு கதை இருக்கிறது. சார்மேன் ஜேம்ஸ் என்ற பெண் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து வருடம் உலகப் பட்டம் வென்றார். குதிரையின் பெயர் ஸ்கேம்ப்பர். 1985இல் லாஸ் வேகாஸில் நடந்த தேசியப் போட்டியில் ஓடுகிறபோதே அதன் தலைக்கயிறு கழன்று தொங்கிவிட்டது. பிடித்து நிறுத்தவோ திருப்பவோ ஒன்றும் இல்லை. அப்படியே மூன்று டிரம்மையும் சுற்றி அந்தச் சுற்றை ஜெயித்தார்கள். கோத்தகிரி அம்மா கடிவாளத்தை மாற்றலாமா என்று கேட்டபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நான் வளர்ந்தது ஊட்டி ரேஸ் லாயத்தில். ஏப்ரல், மே சீசனுக்குக் கீழேயிருந்து வந்த தரோபிரெட் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அரேபியன் முதலில் பொம்மை மாதிரிதான் தெரிந்தது. ஆனால் ஆள் உட்காருகிற விதத்தில் இருக்கிற சின்ன வித்தியாசத்தைக் கூட அது கேட்டுக்கொள்ளும். அதற்காகவே அரேபியனில் பேரல் பழகுங்கள் என்பேன். ஜெயிக்கிறோமோ இல்லையோ, ஓட்டுகிறவர் உட்காரக் கற்றுக்கொள்வார்.

அந்தியூர் சந்தையில் ‘சுத்த அரேபியன்’ என்று ஒரு குதிரையைச் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
*வாசகர், கூடலூர்*

ஆடியில் குருநாதசாமி கோயில் தேருக்குக் கூடுகிற அந்தச் சந்தைக்கு நானும் போவேன். நல்ல குதிரைகள் வரும். ஆனால் நரி பரியான கதை மதுரையோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

காதைப் பாருங்கள். இரண்டு காதும் உள்நோக்கி வளைந்து நுனி ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருந்தால் அதில் மார்வாரி அல்லது கத்தியவாரி ரத்தம் இருக்கிறது. இரண்டும் அருமையான குதிரைகள், பேரலுக்கும் பழக்கலாம். அரேபியன் விலை மட்டும் கொடுக்க வேண்டாம். அரேபியனுக்கு நெற்றிக்குக் கீழே முகம் குழிந்திருக்கும், மூக்குத்துளை பெரிது, ஓடும்போது வால் கொடி மாதிரி நிற்கும். ஆனால் அடையாளத்தை வைத்துச் சுத்தம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வம்சாவளிப் பத்திரம் இருந்தால் அரேபியன், இல்லாவிட்டால் அது குதிரை. குதிரைக்கு உரிய விலையைப் பேசுங்கள்.

பேரலுக்கு என்றால் நான் பார்ப்பது பின்னங்கால் மூட்டையும் குணத்தையும்தான். கடினமான தரையில் சின்ன வட்டத்தில் இரண்டு பக்கமும் டிராட் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தலையை ஆட்டி நொண்டினால் நன்றி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். நாலு வயதுக்குக் குறைந்ததைப் பேரலுக்கென்று வாங்காதீர்கள். குதிரையின் முதுகெலும்பு முற்றி முடிய ஐந்தாறு வயது ஆகும். அதற்குள் இறுக்கமான திருப்பங்களில் போட்டு முறுக்கினால் எட்டு வயதில் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும்.

எங்கள் அரேபியன் மெலிந்தே இருக்கிறது, ஆனால் கட்டுக்கு அடங்காத துடிப்பு. ஓட்ஸ், கொள்ளு, கோதுமைத் தவிடு மூன்றும் நிறையப் போடுகிறோம். மேய்ச்சலுக்கு கிக்குயுப் புல் இருக்கிறது. டானிக் ஏதாவது சொல்லுங்கள்.
*வாசகர், ஊட்டி*

டானிக் வேண்டாம், தவிட்டை நிறுத்துங்கள்.

கிக்குயு நம் மலையில் எங்கே பார்த்தாலும் பச்சைப் பாய் விரித்துக் கிடக்கிறது. மாட்டுக்கு நல்லது. குதிரைக்கு அதில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்தப் புல்லில் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. அதற்கு மேல் நீங்கள் போடுகிற தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் கால்சியத்துக்கு எதிரி. இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்க ஆரம்பிக்கும். இன்றைக்கு முன்கால் நொண்டும், நாளைக்குப் பின்கால் நொண்டும், மெலியும், முற்றினால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். டிரம் சுற்றுவது இருக்கட்டும், இந்த நிலைமையில் ஓட்டவே கூடாது. மருத்துவரிடம் இதைச் சொல்லிச் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்று கேளுங்கள். குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) கிடைத்தால் கொஞ்சம் கொடுங்கள், அதில் கால்சியம் நிறைய. மேய்ச்சலை மட்டும் நம்பாமல் வேறு காய்ந்த புல்லும் போடுங்கள்.

400 கிலோ குதிரைக்கு ஒரு நாளுக்குக் காய்ந்த கணக்கில் ஆறிலிருந்து எட்டு கிலோ புல் போக வேண்டும். வயிறு நிரம்புவது புல்லால்தான். ஓட்ஸ் வேலைக்குத் தகுந்த கூலி; வேலையைக் குறைத்துவிட்டுக் கூலியைக் கூட்டினால் துடிப்பு எங்கே போகும்? பாதியாகக் குறைத்துப் பாருங்கள். கொள்ளை ஊறவைத்துக் கொஞ்சமாகப் போடலாம். உப்புக் கட்டி எப்போதும் இருக்கட்டும்.

பாண்டிய நாட்டுக்குக் கப்பல் கப்பலாக வந்த அரேபியக் குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துக்கொண்டே இருந்தன என்று மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியும் சேர்த்துப் போட்டார்களாம். நல்ல மனசோடுதான் போட்டிருப்பார்கள்.

மேய்ச்சலில் இன்னொன்றையும் பாருங்கள். ஓடைக்கரையிலும் தோட்டத்து ஓரத்திலும் வெள்ளைப் பூக்கொத்தோடு மண்டிக்கிடக்கும் யூபடோரியத்தைக் குதிரை மாதக்கணக்கில் தின்றால் நுரையீரல் கெடும். கெட்டது திரும்பாது. இருமலும், கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குவதும் இருந்தால் மலை உயரத்தின் மேல் பழி போடாமல் வேலி ஓரத்தைப் போய்ப் பாருங்கள்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி சவாரிக்கு விடுகிற குதிரை என்னுடையது. சீசன் இல்லாதபோது இதைப் பழக்க முடியுமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.
*வாசகர், கொடைக்கானல்*

எதற்குச் சிரிக்க வேண்டும்? உங்கள் குதிரை ஹாரனுக்குப் பயப்படாது, பலூனுக்குப் பயப்படாது, முதல் தடவை ஏறி வாரைப் பிடித்துத் தொங்குகிற ஆளையும் பொறுத்துக்கொள்ளும். கோத்தகிரிப் பெட்டைக்கு நான் கற்றுக்கொடுக்கப் பாடுபடுகிற பொறுமை அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, வழக்கமான பாதையை விட்டு வெளியே வருகிற ஆசை. அதனால் முதலில் ஏரிப் பக்கமே போகாமல் வேறு வழியில் கூட்டிப்போங்கள். வாய் மரத்துப் போயிருக்கும், காலாலும் உட்காருகிற விதத்தாலும் பேசிப் பழக்குங்கள். சுமையும் உயரமும் பாருங்கள்: மட்டக் குதிரை மேல் எண்பது கிலோ ஆள் ஏறிக்கொண்டு டிரம் சுற்றக்கூடாது. உங்கள் பையனோ பெண்ணோ ஓட்டட்டும். சீசனில் நாள் முழுக்க நடந்த குதிரைக்குச் சாயங்காலம் பேரல் கிடையாது.

மழைக்காலத்தில் என்ன செய்வது?
*வாசகி, மஞ்சூர்*

நடக்க வேண்டியதுதான். ஈரப் புல்லில் லாடம் போட்ட குதிரையை வேகமாகத் திருப்பாதீர்கள். லாயத்துத் தாழ்வாரத்தில் நின்றபடியே கழுத்தை இரண்டு பக்கமும் வளைக்கப் பழக்கலாம், பின்பக்கத்தை ஒரு எட்டு நகர்த்தச் சொல்லலாம். கால் குளம்பின் அடியைத் தினமும் சுரண்டிக் காயவையுங்கள், அழுகல் வந்தால் ஒரு சீசன் போய்விடும். கீழேயிருந்து புதிதாகக் கொண்டுவந்த குதிரை என்றால் மழை இருக்கோ இல்லையோ, இரண்டு மூன்று வாரம் ஓட்டம் கொடுக்காமல் இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் பழக விடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இப்படிச் சுற்றினால் குதிரைக்குத் தலை சுற்றாதா தாத்தா? எனக்கு வயது பன்னிரண்டு.
*வாசகி, லவ்டேல்*

சுற்றாது பாப்பா, ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரே சுற்றுத்தானே. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் கொஞ்சம் தெரியாது. எங்கே போக வேண்டும் என்று நீதான் பார்க்க வேண்டும். நீ டிரம்மையே பார்த்தால் உன் உடம்பு அதன் பக்கம் சாயும், குதிரையும் சாயும், டிரம் விழும். டிரம்மைத் தாண்டி, அடுத்து கால் வைக்க வேண்டிய தரையைப் பார்.

அமெரிக்க வீடியோக்களில் எல்லாரும் கௌபாய் தொப்பிதான் போட்டிருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டால் கெத்தாக இல்லை மாஸ்டர். சேணத்தில் பிடித்துக்கொள்ளக் கொம்பும் இல்லை.
*கல்லூரி மாணவர், ஊட்டி*

கொம்பு இல்லாவிட்டால் பரவாயில்லை தம்பி, குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தோல் வாரைத் தளர்வாகக் கட்டி அதைப் பிடித்துக்கொள். கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காமல் இருந்தால் சரி. ஹெல்மெட் இல்லாமல் என் மைதானத்துக்குள் வராதே. தாடைப் பட்டையையும் மாட்டு. ஒரு தடவை விழுந்து அடி வாங்கின ஹெல்மெட்டை, பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி போடாதே. கெத்து வேண்டும் என்றால் இறங்கின பிறகு தொப்பி போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்.